குட்டிக் கோட்டின் இடது கை

நான்தான், சின்னவன். வயது இருபத்திரண்டு. பட்டறைக்கு மேலே, நாலு பேர் படுக்கும் அறையில் இருக்கிறேன். கை சரியில்லை. அதனால் போனில் வாயால் சொல்லித்தான் இதை எழுதுகிறேன். எழுத்தில் தப்பு இருக்கலாம். நடந்ததில் இல்லை. விஷயம் குட்டிக்கு அனுப்பிய கோட்டைப் பற்றி. மொட்டையாகச் சொன்னால் சிரிப்பீர்கள். அதனால் முதலிலிருந்து...

பழைய துணியைப் பிரித்து வேறு உடுப்பாகத் தைப்பதுதான் எங்கள் வேலை. பட்டறையில் ஒரு கட்டுப்பாடு உண்டு. பிரித்த நூலை மறுபடி ஊசியில் கோர்க்கக் கூடாது. குப்பை டின்னில் போட்டுவிட வேண்டும்.

அக்கா மகன் குட்டியின் பிறந்தநாளுக்கு என் கையால் ஒன்று தைக்க ஆசை. பழந்துணி மூட்டையிலிருந்து ஒரு பெரிய ஆளின் பழுப்புக் கோட்டை எடுத்தேன். நல்ல கம்பளி. இடது கையின் நுனியை மட்டும் யாரோ தைத்து மூடியிருந்தார்கள். பொடிப்பொடியான கைத்தையல். பிரித்தேன். பழுப்பு நூல், அறுபடாமல் முழுசாக வந்தது. எறிய மனசு வரவில்லை. கோட்டைக் குட்டியின் அளவுக்கு வெட்டித் தைத்தேன். அந்த நூலையே கோர்த்து, இடது கை ஓரத்தை மடித்துத் தைத்தேன்.

சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால்... கை நுனி மூடியிருந்தது.

பக்கத்து மேசை குண்டூசி அக்காவின் வேலை என்று நினைத்தேன். வாயில் எப்போதும் நாலு ஊசி இருப்பதால் அந்தப் பெயர்.

"அக்கா, விளையாடாதீங்க."

"ஆமா, வேலவெட்டி இல்லாம உன் கோட்டக் கொஞ்சிக்கிட்டு இருக்கேன் பாரு!"

சொல்லிக்கொண்டே வந்து பார்த்தாள். ஊசிகளை ஒவ்வொன்றாக வாயிலிருந்து எடுத்தாள்.

"பிரிச்ச நூலையா கோத்த?"

"நல்ல நூலுக்கா..."

"கூறுகெட்டவனே. டின்ல போடு. இப்பவே!"

பிரித்தேன். போட்டேன். கறுப்பு நூலில் மறுபடி தைத்தேன்.

மூன்றரைக்குக் கரண்ட் போனது. மெஷின்கள் ஒரே நொடியில் அடங்கின. எல்லோரும் காற்றாட வெளியே போனார்கள். நான் கோட்டின் இடது கைக்குள் என் இடது கையை விட்டு, உள்பக்கத்தை வெளியே திருப்பிக்கொண்டிருந்தேன்.

சர்க்...

தடித்த துணியில் நூல் இழுபடும் சத்தம். தினமும் கேட்பதுதான்.

ஆனால் யார் கையிலும் ஊசி இல்லை. யாருமே இல்லை.

சர்க்... சர்க்...

துணி என் விரல்களைச் சுற்றி இறுகியது.

ஜில்லென்று...

இழுத்தேன்.

வரவில்லை.

கரண்ட் வந்தது. மெஷின்கள் உறுமின. கை வந்துவிட்டது. பார்த்தால், கோட்டின் நுனி திறந்தே இருந்தது. கறுப்பு நூல், நான் போட்ட தையல். பிரமை என்று நினைத்தேன். ஊருக்குக் கிளம்பிய அறைத்தோழனிடம் அன்று மாலையே பொட்டலத்தைக் கொடுத்துவிட்டேன்.

அன்றிலிருந்து என் இடது கை விரல்கள் மரத்துக் கிடக்கின்றன.

நேற்று, பழந்துணி கொண்டுவரும் மூட்டைக்காரர் வந்தார். கேட்டேன்.

"அந்தப் பழுப்புக் கோட்டா? அத வெச்சிருந்தவருக்கு இடது கை மணிக்கட்டோட போச்சு தம்பி. விரல் மரத்துச்சாம். அப்புறம் கறுத்துச்சாம். எடுத்துட்டாங்க."

"அதனாலதான் தைச்சு மூடிட்டாரா?"

"அதான் இல்ல. அவரும் அதப் பழசாத்தான் வாங்கினாரு. வாங்கும்போதே மூடித்தான் இருந்துச்சாம். அவர்தான் பிரிச்சுப் போட்டிருக்காரு."

இன்று காலை ஊரிலிருந்து அக்கா படம் அனுப்பியிருக்கிறாள். குட்டி கோட்டுடன் சிரிக்கிறான். கீழே அவள் எழுதியது: "ஒரு கைய மூடித் தைச்சிருக்கியேடா, தூங்கிக்கிட்டே தைச்சியா? இவன் என்னடான்னா கழட்டவே விடமாட்டேங்கிறான்."

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன்.

கறுப்பு நூல் இல்லை.

பழுப்பு.

அடித்து அடித்துப் பார்க்கிறேன், யாரும் போனை எடுக்கவில்லை. இதை யார் முதலில் பார்த்தாலும், அந்தக் கோட்டைக் கழற்றுங்கள். அழுதாலும் கழற்றுங்கள். தையலைப் பிரிக்காதீர்கள். கழற்றிவிட்டு, குட்டியின் இடது கை விரலை லேசாகக் கிள்ளிப் பாருங்கள்.

வலிக்கிறது என்றானா... அதை மட்டும் எனக்குச் சொல்லுங்கள்.