பதினோரு நாள் பிரிக்காத படம்

செய்தி வந்தபோது மில்லில் இருந்தவர்கள் நான்கு பேர். நான். என் வீட்டுக்காரர். மோட்டார் பெல்ட் மாற்ற வந்திருந்த மெக்கானிக் காதர் பாய். மிளகாய் அரைக்க அவலூர்பேட்டையிலிருந்து பஸ்ஸில் வந்து, டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்த ஒரு அம்மா. செவ்வாய்க்கிழமை, பகல் பதினொன்றே கால். விழுப்புரம் ஆஸ்பத்திரியில் துணைக்கு இருந்த குமரேசன்தான் போன் செய்தான். "சித்தி, அம்மா போயிட்டாங்க" என்றான். பெல்ட்டைக் கழற்றியிருந்ததால் மில் ஏற்கெனவே நின்றுதான் இருந்தது. அப்படியும் என் வீட்டுக்காரர் எழுந்து போய், அணைந்திருந்த சுவிட்சைத் தொட்டுப் பார்த்தார்.

டப்பாவோடு இருந்த அம்மா என்னைக் கேட்டார்: "யாரு, எடை போடுவாங்களே, இருமிக்கினே இருப்பாங்களே, அவங்களா?"

அவங்கதான். குமரேசனின் அம்மா, தனபாக்கியம் அக்கா. அவரைத் தெரிந்த நம் சொந்தங்களுக்காக, எல்லோரும் இருக்கும் போன் குழுவில் போட இதை எழுதுகிறேன். எனக்கு அவர் ஓர்ப்படி, என் வீட்டுக்காரரின் அண்ணன் மனைவி. மூத்தவர் போன பிறகு முப்பது வருஷம் செஞ்சி கடைத்தெருவில் இந்த மாவு மில்லை நடத்தினார். கமலக்கன்னி அம்மனைப் பார்க்க எங்கும் நிற்காமல் செஞ்சிக் கோட்டை மலை ஏறுகிற மனுஷி. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அடிவாரத்திலேயே உட்கார்ந்து, "நீ போய்ப் பாத்துட்டு வா. நான் இங்கருந்தே கும்புட்டுக்கறேன்" என்றார். அன்றைக்குத்தான் எனக்கு முதலில் பயம் வந்தது.

நாள்பட்ட நுரையீரல் நோய் என்றார் டாக்டர். மிளகாய்த் தூளும் மாவுத் தூளும் உள்ளே போய்ப் போய் மூச்சுக்குழாய்கள் கெட்டுவிட்டன, கெட்டது திரும்பாது என்றார். நான் ஐந்தாவதோடு நின்றவள். மாத்திரை அட்டையையும் டாக்டர் சீட்டையும் எழுத்துக் கூட்டிப் படித்துத்தான் இந்த நோயைத் தெரிந்துகொண்டேன். எதையும் எழுதி வைக்கிற பழக்கம் எனக்கு உண்டு. விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவி காட்டும் எண்ணைக் காலையும் மாலையும் நோட்டில் எழுதினேன். எனக்கு வேலை இருக்கும் நாளில் அக்காவே எழுதுவார். அவர் எழுதிய நாளெல்லாம் தொண்ணூற்றாறு. நான் எழுதினால் எண்பத்தெட்டு.

ஒருநாள் மில்லுக்குள் நுழையும்போது கையும் களவுமாகப் பிடித்தேன். கருவி காதர் பாய் விரலில் இருந்தது.

"இன்னாக்கா, எனக்கா ஜுரம்?" என்று பாய் கேட்டுக்கொண்டிருந்தார்.

"உனக்கு இன்னா, நீ கல்லு மாதிரி இருக்கற. சும்மா காட்டு."

"அக்கா, இது யாரை ஏமாத்தறது?" என்றேன்.

"நம்ம மில்லுல இருக்கற விரல்தானே. எழுதிக்கோ போ" என்றார். மூவரும் சிரித்தோம். சிரித்த சிரிப்பில் அக்காவுக்கு வந்த இருமல் அடங்க அரைமணி நேரம் ஆனது.

எக்ஸ்ரே மட்டும் போதாது, நெஞ்சை சி.டி. ஸ்கேன் எடுத்து உடனே கொண்டுவாருங்கள், அடுத்து என்ன வரப்போகிறது என்று அதில் ஓரளவு தெரியும் என்றார் டாக்டர். எடுத்தோம். படம் கவரில் வந்தது. பத்திரமானாலும் ஜாதகமானாலும் பரீட்சைச் சீட்டானாலும், வீட்டுக்கு வரும் முக்கியமான காகிதத்தை அங்காளம்மன் படத்தடியில் வைத்து, அமாவாசைக்கு மேல்மலையனூர் கொண்டுபோய் அம்மன் காலடியில் காட்டிவிட்டுத்தான் பிரிப்போம். நம் வீட்டு வழக்கம் உங்களுக்குத் தெரியும். அமாவாசைக்குப் பதினோரு நாள் இருந்தது.

"டாக்டர் உடனேன்னாரே" என்றார் என் வீட்டுக்காரர்.

"அம்மா கண்ணு பட்டப்புறம் டாக்டர் கண்ணு படட்டும்" என்றார் அக்கா. அக்காவே அப்படிச் சொன்னாரே என்றுதான் எல்லோரும் சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள். ஆனால் கவரை வாங்கி அம்மன் படத்தடியில் வைத்தது நான். அமாவாசை என்ற பேச்சை எடுத்ததும் நான்.

வருஷத்து மிளகாய் அரைக்கிற வெயில் காலம் அது. பதினோரு நாளும் அக்கா மில்லில் நின்றார். அமாவாசையன்று கூட்டத்தில், கற்பூரப் புகையில் நின்றார். மறுநாள் காலை உதடு நீலம் பாரித்தது. ஆம்புலன்ஸில் விழுப்புரம் போனோம்.

டாக்டர் கவரைப் பிரித்தபோது குங்குமம் அவர் மேசையில் கொட்டியது. படத்தை வெளிச்சத்தில் மாட்டி, பேனா முனையால் இரண்டு வட்டங்களைக் காட்டினார். "இது நுரையீரலுக்கு ரத்தம் போற குழாய். பக்கத்துல இருக்கறது உடம்புக்குப் போற பெரிய குழாய். இது அதைவிடச் சின்னதா இருக்கணும். இவங்களுக்கு அதைவிடப் பெருத்திருக்குது. இப்படி இருக்கறவங்களுக்குத் திடீர்னு மூச்சு முட்டிப்போற ஆபத்து அதிகம். அதுக்குத்தான் படம் கேட்டேன்."

எனக்கே தெரிந்தது. அதைப் பார்க்கப் படிப்பு வேண்டியதில்லை.

"எத்தனை நாளா இது உங்ககிட்ட இருக்குது?"

நோட்டைப் பார்க்காமலே சொன்னேன்: "பன்னெண்டாவது நாள் சார். பதினோரு நாள் சாமிகிட்ட இருந்துச்சு."

அவர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். முன்னாலேயே பார்த்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று கேட்டேன். "மில்லுக்கும் கூட்டத்துக்கும் போகாதீங்கன்னு சொல்லியிருப்பேன். வீட்டுல ஆக்சிஜன் வெச்சிருப்போம். இந்தத் தடவை தப்பிச்சிருக்கலாம். அடுத்த தடவை எப்படின்னு யாராலயும் சொல்ல முடியாதும்மா."

ஒன்பது நாள் இருந்தார். கடைசியாக நான் பார்த்த அன்று மாஸ்க்கை விலக்கிக் கேட்டார்: "நோட்டுல இன்னிக்கு இன்னா போட்ட?"

"எண்பத்திரண்டு."

"பாயைக் கூப்புடு" என்றார்.

அம்மன் மேல் எனக்குக் குறை இல்லை. கவரைப் பிரிக்காதே என்று அவள் சொல்லவில்லை. விளக்கேற்றுகிறேன், ஒன்றும் கேட்பதில்லை. அக்காவுடையதாக என்னிடம் இருப்பது அந்த நோட்டுதான். அவர் கையால் எழுதிய தொண்ணூற்றாறுகளை நான் அடிக்கவில்லை. பொய் என்று தெரியும். இருக்கட்டும்.

இன்னொரு கவரும் இருக்கிறது. மில்லில் நிற்பவர்கள் எல்லோரும் எடுக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லி, என் வீட்டுக்காரருக்கும் அந்த ஒன்பது நாளுக்குள் ஸ்கேன் எடுத்தோம். பீரோ மேல் பிரிக்காமல் கிடக்கிறது. அவருக்கும் அதே இருமல். நேற்று கருவியில் தொண்ணூறு. பிரிக்கலாம் என்றால், "இன்னாத்துக்கு? டாக்டர் மில்லை மூடுன்னுவாரு. அது அண்ணி மில்லு, இப்ப குமரேசனுது. நானா மூட மாட்டேன். அண்ணி படம் சொன்னது நடந்துச்சு. என் படம் சொல்றதும் நடக்கட்டும்" என்கிறார்.

குமரேசா, காரியத்துக்கு நடுவில் வேலைக்குப் போயிருக்கும் திருப்பூரில் இருந்து நீயும் இதைப் படிப்பாய். மில்லை மூடலாமா என்று போனில் கேட்டதற்கு, "பதினாறாம் நாள் முடியட்டும் சித்தி, பேசிக்கலாம்" என்றாய். பதினாறாம் நாளுக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. உன் சித்தப்பா பிழைத்துவிடுவார் என்று நம்பி இதைக் கேட்கவில்லை. அந்த நம்பிக்கை என்னிடம் இல்லை. இன்னொரு கவரை வைத்துக்கொண்டு நாள் எண்ண என்னால் முடியாது, அவ்வளவுதான். மில்லை மூடச் சொல்லி அவரிடம் நீ சொல்வாயா, மாட்டாயா? நாளைக்குள் பதில் சொல்.