தந்தி வந்த நாள்

மலாயாவில் வெள்ளைக்காரன் கம்யூனிஸ்டுகளோடு சண்டை போட்ட அவசரகாலத்தில், லிங்கிப் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தேன். நாங்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்தைச் சுற்றி முள்கம்பி. என்னிடம் ஒரு பழைய கித்தார் இருந்தது. அதைவிடப் பெரிதாகக் கர்வமும் இருந்தது.

கித்தார்க்காரர்களுக்கே உள்ள வியாதி அது. தோட்டத்துக் கணக்கெழுதும் எங்கள் கிராணி யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவர். இசைப் புத்தகத்தை விரித்து வைத்து, நிமிர்ந்து உட்கார்ந்து, நகத்தால் மீட்டுவார். நான் காதில் விழுந்ததையெல்லாம் உடைந்த சீப்புத் துண்டால் போட்டுத் தேய்ப்பேன். அவர் வாசிப்பில் உயிரில்லை என்று நானும், என்னுடையது வாசிப்பே இல்லை என்று அவரும் நினைத்துக்கொண்டிருந்தோம். ஒருநாள், கித்தார்க் கம்பி அறுந்துவிட்டது என்று அவரிடம் சொல்லிவிட்டேன்.

“வேலியிலை கிடக்கிறதுதான் தம்பி கம்பி. இது தந்தி.”

எனக்குச் சுருக்கென்றது. இரண்டும் இரும்புதானே என்று குழப்பமாகவும் இருந்தது. ஆனாலும் அன்றிலிருந்து தந்தி என்றே சொல்ல ஆரம்பித்தேன். சிரம்பானுக்குப் போகும் லோரி டிரைவரிடமும் பெருமையாக அப்படியே சொல்லி, ஒன்று வாங்கிவரச் சொன்னேன்.

பக்கத்து வீட்டு அக்காவின் புருஷனைப் போலீஸ் பிடித்துப்போய் எட்டு மாதம் ஆகியிருந்தது. காட்டில் ஒளிந்திருந்த கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி கொடுத்தார் என்று குற்றம். உயிரோடு இருக்கிறாரா, இந்தியாவுக்குக் கப்பலேற்றி அனுப்பிவிட்டார்களா, ஒரு துப்பும் இல்லை.

டிரைவர் வந்தபோது நான் இன்னும் வேலைக்காட்டில் இருந்தேன். என் வீடு பூட்டியிருக்கவே, நான் வாங்கச் சொன்னது இருந்த உறையை அக்கா கையில் கொடுத்து, தந்தி வந்திருக்கிறது என்று மட்டும் சொல்லிவிட்டு லோரியைக் கிளப்பிப் போய்விட்டார். அக்காவுக்குப் படிக்கத் தெரியாது. தபாலாபீசிலிருந்து வரும் தந்திதான் அவருக்குத் தெரியும். தோட்டத்துக்கு அப்படி ஒன்று வந்தால் அது சாவுச் செய்திதான்.

நான் திரும்பியபோது லயமே கூடியிருந்தது. அக்கா மார்பில் அடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். படித்துச் சொல் என்று உறையை என்னிடம் நீட்டினார்கள். பிரித்தேன். வளையமாகச் சுருட்டியிருந்த தந்தி கையில் விழுந்தது. வெட்கத்தோடு அதைத் தூக்கிக் காட்டினேன்.

“இது கித்தாருக்கு வாங்குனதுக்கா. அண்ணனப் பத்தி இல்ல.”

சிரிப்பார், அல்லது அறைவார் என்று நினைத்தேன். அக்கா உறையை வாங்கி, உள்ளே விரலை விட்டுத் துழாவினார்.

“அப்ப அவரப் பத்தி ஒண்ணுமே வரலையா?” என்று கேட்டுவிட்டு, முன்னைவிடப் பலமாக அழுதார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. செத்துவிட்டார் என்று நினைத்தும் அழுதார், செய்தியே இல்லை என்றும் அழுதார். இரண்டில் எந்த அழுகைக்கு மன்னிப்புக் கேட்பது என்று தெரியாமல், கேட்காமலே இருந்துவிட்டேன்.