சாமி வந்ததாக நினைத்தோம்

ஆஸ்பத்திரி நடையில் என் கணவரை நான்கு பேர் அமுக்கிப் பிடித்திருந்தார்கள். அப்படியும் கட்டிலோடு துள்ளினார். கெட்ட வார்த்தையே பேசாத மனிதர், வாய்க்கு வந்தபடி ஏசினார். பார்க்கச் சகிக்கவில்லை. என் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை.

மெர்டேகா (மலாயாவின் சுதந்திரம்) கிடைத்த வருஷம் அது. அவருக்கு இனிப்பு நீர் (இரத்தத்தில் சர்க்கரை கூடும் நோய்). தினமும் காலையில் இன்சுலின் ஊசியைத் தானே போட்டுக்கொள்வார். அம்மனுக்கு நேர்ந்துகொண்டு அன்று விரதம் இருந்தார். ஊசியையும் விடவில்லை.

மத்தியானம் காஜா பெராங்கில் இருந்த எங்கள் வீட்டில் உடம்பு நடுங்க, கண் செருக, அவர் ஆட ஆரம்பித்ததும் என் நாத்தனார் கற்பூரம் ஏற்றிவிட்டார்.

"கிட்ட போகாதே, ஆத்தா வந்திருக்கா!" என்று என்னை இழுத்துவிட்டு, "எம்மவளுக்குக் கல்யாணம் எப்ப தாயி?" என்று அவரிடம் கேட்டார். பதிலுக்கு ஓர் அறை விழுந்தது. அதையும் ஆசீர்வாதம் என்றுதான் வாங்கிக்கொண்டார்! என் கணவர் ஜன்னல் கண்ணாடியை உடைத்த பிறகுதான் டாக்சி பிடித்தோம்.

"பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடுவாங்க," என்று நடையில் யாரோ சொன்னது காதில் விழுந்தது.

டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். "நெஞ்சில ஒருத்தரும் ஏறாதேங்கோ. கையைக் காலை மட்டும் பிடியுங்கோ. சத்தம் போடாதேங்கோ," என்றார். மயக்க ஊசி தயாராகிக்கொண்டிருந்தது. என் கணவரின் கழுத்தைத் தொட்டதும் டாக்டர் நின்றுவிட்டார். கழுத்தும் சட்டையும் வியர்வையில் தொப்பலாக நனைந்திருந்தன.

"ஆள் எப்ப சாப்பிட்டவர்?"

"விரதம் டாக்டர். இனிப்பு நீர் ஊசி மட்டும் போட்டாரு."

"ஐயோ!"

மயக்க ஊசியைத் தள்ளி வைத்துவிட்டு நரம்பில் குளுக்கோஸ் ஏற்றினார். இது தாழ்சர்க்கரை (இரத்தத்தில் சர்க்கரை மளமளவென்று இறங்கிவிடுவது), மூளைக்குச் சர்க்கரை போதாமல் ஆள் வெறிபிடித்தது போல் ஆகிவிடுவார், விட்டால் உயிருக்கே ஆபத்து என்றார். மருந்து ஏறி முடிவதற்குள் கணவரின் கைகள் தளர்ந்தன. சுற்றும் முற்றும் பார்த்தார்.

"ஏன் புள்ள அழுவுற? யாருக்கு என்ன?" என்று கேட்டார். நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதேன்.

உங்கள் வீட்டிலும் ஊசி போடுகிறவர் இருந்தால், விரதத்தை முதலில் டாக்டரிடம் சொல்லுங்கள். அம்மன் ஒன்றும் கோபித்துக்கொள்ள மாட்டாள்.

இப்போதெல்லாம் எனக்கு நேரம் என்பதே அவர் ஊசிக்கும் சோற்றுக்கும் இடையில் இருப்பதுதான். அவர் குரல் உயர்ந்தால் என் கை முதலில் அவர் கழுத்துக்குப் போகிறது. நேற்று குழம்பில் உப்பில்லை என்று கத்தினார். தொட்டுப் பார்த்தேன். கழுத்து காய்ந்திருந்தது. அப்பாடா என்று நானும் பதிலுக்குக் கத்தினேன்.