முதுகுப் பையில் பேட்டரி

மதுரை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் இரண்டு விஷயம் சொன்னார். மாத்திரையை நிறுத்தக் கூடாது. எதிர்க்காற்றில் சைக்கிள் மிதிக்கக் கூடாது.

அது ஆனி மாதக் கடைசி. ஆமத்தூரிலிருந்து சிவகாசிக்கு ஆடி மாதக் காலையில் சைக்கிள் மிதித்தவர்களுக்குத்தான் இரண்டாவது விஷயத்தின் பாரம் புரியும். மேற்கேயிருந்து வருகிற காற்றை மறிக்க அந்த ரோட்டில் வேலிக்கருவேல் தவிர ஒன்றும் கிடையாது. சில நாள் இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும்.

சிவகாசியில் ஒரு ஆப்செட் அச்சகத்தில் நான் மிஷின் மேன். நான்கு கலர் மிஷின் என் பொறுப்பு. பட்டாசுப் பெட்டிக்கு லேபிள் அடிக்கிற சீசன் அப்போதுதான் சூடுபிடித்திருந்தது. நெஞ்சுவலி என்று சொன்னால் மிஷினை விட்டு இறக்கி விடுவார்கள். பக்கத்து அச்சகத்தில் வலிப்பு வந்த ஒருவரை அப்படித்தான் இறக்கி, பேப்பர் எண்ணுகிற இடத்தில் உட்கார வைத்தார்கள். அவர் அதன் பிறகு யார் முகத்தையும் பார்த்துப் பேசி நான் கண்டதில்லை. அதனால் மஞ்சள் காமாலை என்று சொல்லித்தான் லீவு போட்டிருந்தேன். உண்மை தெரிந்தது என் மனைவிக்கும், விருதுநகரில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் என் அண்ணனுக்கும் மட்டும்.

மொபெட் வாங்கியிருக்கலாமே என்று இப்போது கேட்பவர்கள் உண்டு. ஆமத்தூரிலிருந்து நாங்கள் நாலைந்து பேர் சைக்கிளில் சேர்ந்துதான் போவோம். காமாலையில் படுத்து எழுந்தவன் திடீரென்று மொபெட்டில் வந்தால் முதல் கேள்வி "என்ன பாய், முடியலையா?" என்பதாகத்தான் இருக்கும். அந்தக் கேள்விக்குத்தான் நான் பயந்தேன். பஸ்ஸில் போனாலும் அதே கேள்வி வரும்.

எனவே சைக்கிள் சைக்கிளாகவே இருக்க வேண்டும். ஆனால் நான் மிதிக்கக் கூடாது.

லீவில் இருந்த நாட்களில் அதைச் செய்தேன். பழைய இரும்புக் கடையில் காரின் ரேடியேட்டர் விசிறியைச் சுற்றுகிற மோட்டார் ஒன்று கிடைத்தது. அச்சு மிஷினில் மை தடவுகிற ரப்பர் உருளை தேய்ந்து போனால் தூக்கிப் போட்டு விடுவோம். எப்போதோ வீட்டுக்குக் கொண்டு வந்த ஒரு துண்டு பரணில் கிடந்தது. அதை அறுத்து மோட்டார் அச்சில் மாட்டினேன். கேரியருக்குக் கீழே, பின் டயரை உரசிக்கொண்டு உருளை சுற்றும். டயரும் கூடவே சுற்றும். மோட்டார் தெரியாமல் இருக்க பிஸ்கட் தகரப் பெட்டி ஒன்றை வெட்டி, கறுப்பு பெயிண்ட் அடித்து மூடி, அதன் மேல் தூக்குச் சட்டியைக் கட்டினேன். ஹாண்டில் பாரின் அடியில் ஒரு பைக் ஹாரன் பட்டன். அழுத்தினால் ஓடும், விட்டால் நிற்கும்.

பேட்டரிதான் மறைக்க முடியாத பொருள். கம்ப்யூட்டருக்குக் கரண்ட் போனால் தாங்குகிற யு.பி.எஸ். பெட்டிக்குள் இருக்குமே, செங்கல் அளவில், அது இரண்டு வேண்டும். சைக்கிளில் எங்கே வைத்தாலும் தெரிந்தது. கடைசியில் முதுகில் மாட்டுகிற பை ஒன்றில் போட்டுக்கொள்வது என்று முடிவு செய்தேன். என் மனைவி வீட்டில் தையல் மிஷின் வைத்து ஜாக்கெட் தைத்துக் கொடுப்பவள். பைக்குள்ளே ரெக்சினில் இரண்டு அறை பிரித்து, வயர் வெளியே வர அடியில் காஜா எடுத்துக் கொடுத்தாள். தைத்து முடித்து நூலைப் பல்லால் கடித்தவள், பையை என்னிடம் தராமல் மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

"மச்சான், நம்ம பேர வச்சுக்கிட்டு, வயரும் பேட்டரியுமா பைய மாட்டிக்கிட்டு பட்டாசு ஊருக்குள்ள போறீக. எவனாச்சும் தெறந்து பார்த்தா என்னன்னு சொல்லுவீக?"

"எவன் தெறக்கப் போறான்?"

"பேப்பர்ல தெனம் ஒன்னு வருது. ஒரு பைக்குள்ள அது இருந்துச்சு, இது இருந்துச்சுன்னு."

எனக்கும் அதே நினைப்பு இருந்தது. அவள் வாயில் வந்ததும் அது இன்னும் பெரிதாகிவிட்டது.

முதல் நாள் வேலைக்குப் போனபோது மற்றவர்களுக்குக் கொஞ்சம் பின்னால் போனேன். காற்று அன்றைக்கு நல்ல வேகம். முன்னால் போனவர்கள் இருக்கையை விட்டு எழுந்து நின்று மிதித்தார்கள். நான் பட்டனை அழுத்திக்கொண்டு, பெடலைச் சும்மா சுற்றிக்கொண்டு வந்தேன். சைக்கிள் போனது. மூச்சு வாங்கவில்லை. ஆனால் நெஞ்சு அடித்துக்கொண்டது வேறு காரணத்துக்காக. மோட்டார் மெதுவாக இரைந்தது. காற்றுச் சத்தத்தில் கேட்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். யாராவது திரும்பினால் பட்டனை விட்டுவிட்டு இரண்டு மிதி மிதித்து, மூச்சு வாங்குவது போல நடிப்பேன். மூச்சு வாங்காமல் இருக்கச் செய்த ஏற்பாட்டில் மூச்சு வாங்குவது போல நடிக்க வேண்டியிருந்தது. சாயங்காலம் காற்று முதுகுக்குப் பின்னால் இருக்கும், மோட்டார் தேவைப்படாது.

பையில் என்ன என்று கேட்டவர்களிடம், "காமாலைக் கஷாயம், வெந்நீ பிளாஸ்க்" என்றேன். காமாலைக்காரன் என்பதால் நம்பினார்கள். அச்சகத்தில் என் டூல்ஸ் அலமாரிக்குள் வைத்துப் பூட்டிவிடுவேன். மிஷின் ஓடும்போதும் கண் அந்தப் பூட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கும். சோதனைச் சாவடியில் போலீஸ்காரர் லாரியை மறித்துக்கொண்டிருந்தால்கூட என் கால் தானாகத் தரையில் ஊன்றும். பகல் முழுக்க இப்படிப் பயந்தால் அதுவே நெஞ்சுக்கு ஆகாது என்று டாக்டர் சொல்லியிருப்பார். கேட்டிருந்தால்.

ஆவணி பிறந்த பிறகு ஒரு நாள், திருத்தங்கலைத் தாண்டும்போது முதுகு சுட்டது. வெயில் என்று நினைத்தேன். பிறகு ரப்பர் தீய்ந்த வாடை வந்தது. மற்றவர்களை முன்னே போகவிட்டு, ஒரு புளிய மரத்தடியில் நிறுத்திப் பையைத் திறந்தேன். இரண்டு பேட்டரியையும் இணைக்கிற வயரின் முனை லூசாகிச் சூடேறி, மேலுறை உருகியிருந்தது. பக்கத்து வயரின் மேலுறையும் அதோடு ஒட்டிக்கொண்டிருந்தது. கழற்றலாம் என்றால் உருகிய ரப்பர் விடவில்லை. பிய்த்து இழுத்தால் உள்ளே இருக்கிற இரண்டு செம்புக் கம்பியும் தொட்டுக்கொள்ளும். டேப்பைச் சுற்றிவிட்டு, மீதித் தூரம் தள்ளிக்கொண்டே போனேன்.

அச்சகத்துக்குள் போனதும்தான் அடுத்த பயம் வந்தது. என் அலமாரிக்குள் மிஷின் கழுவுகிற மண்ணெண்ணெய் கேன் இருந்தது. சுற்றிலும் ரீம் ரீமாகப் பேப்பர். அதற்குள் இந்தப் பையை வைக்க முடியாது. எங்கே வைக்க என்று நான் வாசலிலேயே நின்றுகொண்டிருக்கும்போது முதலாளி வந்தார். அவரை நாங்கள் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம்.

"பாய், ப்ரூஃப எடுத்துக்கிட்டு என்கூட வாங்க. பார்ட்டி கலர் சரியில்லைங்காரு. நீங்க நேர்ல நின்னாத்தான் சரியா வரும்."

பார்ட்டி என்றால் லேபிள் அடிக்கக் கொடுத்த பட்டாசு கம்பெனிக்காரர்; அவர் ஆபீஸ் டவுனுக்குள்தான் இருந்தது. பையை மாட்டிக்கொண்டே வேனில் ஏறினேன். பின்னால் லேபிள் கட்டுகள். அண்ணாச்சியே ஓட்டினார். பஸ் ஸ்டாண்டைத் தாண்டி வேன் வெம்பக்கோட்டை ரோட்டில் திரும்பியது.

"ஆபீசுக்கு இல்லையா அண்ணாச்சி?"

"இல்ல, அவரு பேக்டரில இருக்காரு. லேபிளையும் அங்கனயே எறக்கிருவோம்."

பட்டாசு கம்பெனி கேட்டில் தீப்பெட்டி, பீடி, செல்போன் என்று எதுவும் உள்ளே போகாது. இரும்பு ஆணி அடித்த செருப்பைக்கூடக் கழற்றச் சொல்வார்கள். வெடி விபத்து நடந்த மறுநாள் அந்தப் பக்கத்து ஊர்களில் எப்படி இருக்கும் என்று நான் பார்த்திருக்கிறேன். பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டேன். வேன் குழியில் விழுந்து எழும்போதெல்லாம் இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தேன்.

பேசாமல் இருந்துவிடலாம் என்று தோன்றாமல் இல்லை. பையை சீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டால் வாட்ச்மேன் பார்க்காமலே போகலாம். ஆனால் வேன் கோடவுன் வரைக்கும் உள்ளே போகும். தூரத்தில் பட்டாசு மருந்து அடைக்கிற, வெள்ளையடித்த சிறுசிறு அறைகள் தெரிந்தன. காலைச் சாப்பாட்டுக்கு வெளியே வந்த பெண்கள், கையெல்லாம் வெள்ளி மருந்தோடு, குழாயடியில் நின்றுகொண்டிருந்தார்கள்.

"அண்ணாச்சி, வண்டிய இங்கனயே நிறுத்துங்க."

"கேட்டு அங்கல்ல இருக்கு?"

"பையில பேட்டரி இருக்கு. வயர் உருகிக் கெடக்கு. உள்ள போகக் கூடாது."

அவர் பிரேக்கை மிதித்துவிட்டு என்னையும் பையையும் மாறி மாறிப் பார்த்தார். நான் ஜிப்பைத் திறந்து காட்டினேன். அதற்குள் கேட்டிலிருந்து வாட்ச்மேன் வந்துவிட்டார். எட்டிப் பார்த்தவர் நாலு அடி பின்னால் போய் விசிலை ஊதினார். குழாயடிப் பெண்கள் தண்ணீரை அப்படியே விட்டுவிட்டுக் கேட்டுக்கு எதிர்த்திசையில் ஓடினார்கள். போர்மேன் வந்தார்.

"யாருய்யா நீ? பேரென்ன?"

சொன்னேன். சொன்ன பிறகு யாரும் ஒரு நொடி பேசவில்லை. அந்த ஒரு நொடிக்காகத்தான் நான் ஆடி பிறந்த நாளிலிருந்து பயந்துகொண்டிருந்தேன் என்று தெரிந்தது.

அண்ணாச்சி வேனிலிருந்து இறங்கினார். "நம்ம மிஷின்மேனு. உங்க லேபிளெல்லாம் இவருதான் அடிக்காரு. அவராத்தான் வண்டிய நிறுத்தச் சொன்னாரு" என்றார். போர்மேன் தலையை ஆட்டினார். ஆனால் பையைத் தொட யாரும் வரவில்லை. நானே அதை ஏந்திக்கொண்டு, ரோட்டைத் தாண்டி, உழுது வெறும் மண்ணாகக் கிடந்த சோளக்காட்டின் நடுவில் கொண்டு போய் வைத்துவிட்டு, தள்ளி ஒரு வரப்பில் உட்கார்ந்தேன். சட்டைப் பையிலிருந்து நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரையை எடுத்து வைத்துக்கொண்டேன். அண்ணாச்சி ரோட்டில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது.

என்னை உள்ளே விடவில்லை. கடைசியில் பார்ட்டியே ப்ரூஃபோடு ரோட்டுக்கு வந்தார். வெயிலில் வைத்துப் பார்த்து, சிவப்பில் மஞ்சள் ஏறியிருக்கிறது, குறைத்தால் போதும் என்று நான் சொல்ல, சரி என்றார். அவர் கண் மட்டும் சோளக்காட்டிலேயே இருந்தது.

பையை நான் அங்கேயே பிரித்தேன். டேப்பைக் கத்தியால் கீறி, ஒவ்வொரு வயராக அறுத்து, பேட்டரியைத் தனித்தனியாகத் துணியில் சுற்றிய பிறகுதான் வேன் கிளம்பியது. கொஞ்ச தூரம் போனதும் அண்ணாச்சி கேட்டார்.

"நாக்குக்கு அடியில வச்சீகளே, அது எதுக்குள்ள மாத்திரைன்னு எனக்குத் தெரியும். எங்க அய்யாவும் வச்சாக. எம்புட்டு நாளா?"

சொன்னேன். மதுரை, காமாலை, சைக்கிள், எல்லாம். அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டுக்கொண்டு வந்தார். கோபம் மெதுவாகத்தான் வந்தது.

"ஓடுற மிஷின் மேல நீங்க சாஞ்சிருந்தா? கைய உள்ள விட்டிருந்தா? அப்ப நான் உங்க வீட்டுல போயி என்னன்னு சொல்லுவேன்? காமாலைன்னா?"

வேன் அச்சகத்து வாசலில் நின்றதும் அவரே சொன்னார்.

"இன்னைல இருந்து மிஷின் வேண்டாம். மை கலக்குற ரூம்ல இருங்க. கலர் பார்க்க எனக்கு ஆள் வேணும்."

பயந்த விஷயம் அப்படியே நடந்துவிட்டது. அன்று மத்தியானம் என் மிஷினில் வேறொருவர் ஏறினார். அவர் வேகத்தைக் கூட்டியபோது வந்த சத்தத்தைக் கேட்டுக்கொண்டு மை டப்பாக்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தேன். சாப்பாட்டைத் திறக்க மனம் வரவில்லை. சைக்கிள் கூட்டாளி ஒருவர், கட்டிங் மிஷினில் இருப்பவர், வந்து வாசலில் நின்றார்.

"பாய், சொல்லியிருக்கலாம்ல" என்றார். அவ்வளவுதான். என் தூக்குச் சட்டியை அவரே திறந்து என் முன்னால் வைத்துவிட்டுப் போனார்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது மனைவி தையல் மிஷினில் இருந்தாள். காலியாகத் தொங்கிய பையைப் பார்த்ததுமே கேட்டாள்.

"தெரிஞ்சு போச்சா?"

நடந்ததைச் சொன்னேன். மிஷினை விட்டு இறக்கிவிட்டார்கள் என்பதைக் கடைசியில் சொன்னேன். அவள் ஆறுதல் சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கையிலிருந்த துணியை மடித்து வைத்தாள்.

"பக்கத்து வீட்டு போன் அடிச்சா நான் மிஷின்ல இருந்து கைய எடுத்துருவேன், தெரியுமா? பயத்துல வெரல ஊசில குடுத்துருவேன்னு. தெனமும் அப்படித்தான். நடுரோட்டுல நீங்க விழுந்தா காமாலைக் கெறக்கம்னு மொகத்துல தண்ணியத் தெளிச்சுக்கிட்டு இருப்பாங்க. நெஞ்சுன்னு ஒருத்தருக்கும் தெரியாது. இப்ப தெரியும்ல. எதாச்சும்னா உடனே தூக்கிட்டுப் போவாகல்ல."

எனக்கு இருந்த பயம் எல்லாம் பையைப் பற்றி. அவளுக்கு அந்தப் பயமும் இருந்தது, அதற்கு அடியில் இதுவும் இருந்தது. நான் ஒரு நாளும் கேட்டதில்லை.

புது வயர் போட்டு, பேட்டரி இரண்டையும் கேரியர் பெட்டியிலேயே எல்லோருக்கும் தெரிகிற மாதிரி வைத்து, தீபாவளி வரைக்கும் அந்த சைக்கிளில் போனேன். அடுத்த வருஷம் கரண்ட் கட் அதிகமாகி, சார்ஜ் ஏறுவது சந்தேகமாகிவிட்டது. காலையில் பஸ்ஸுக்கு மாறினேன். மை ரூமில்தான் ஓய்வு பெறும் வரை இருந்தேன். சிவப்பில் மஞ்சள் ஏறினால் இன்றைக்கும் எனக்கு முதலில் தெரிந்துவிடும்.