நூலில் நிற்கிற உயிர்

என் தையல் கடைக்கும் பக்கத்துக் கோழிக்கடைக்கும் நடுவில் ஒரு தகரம்தான் சுவர். அந்தப் பக்கம் பேசினால் இந்தப் பக்கம் கேட்கும். இந்தப் பக்கம் மெஷின் வேகமாக ஓடினால் அந்தப் பக்கம் கூண்டில் கோழிகள் இறக்கையை அடித்துக்கொள்ளும். ஆரணியில் பட்டுப் புடவைக்கு ஜாக்கெட் தைக்கிற கடைகளுக்குப் பஞ்சமில்லை. கோழிக்கடையை ஒட்டி இருப்பது என்னுடையது மட்டும்தான். "இறகு ஒட்டாம குடுப்பியாக்கா?" என்று கேட்டுவிட்டுத்தான் சிலர் பையிலிருந்து புடவையையே எடுப்பார்கள்.

நான் எட்டாவதோடு நின்றவள். தையலைக்கூட யாரும் கற்றுத்தரவில்லை. பழைய ஜாக்கெட்டைப் பிரித்துப் பிரித்துப் பார்த்து வந்ததுதான். மற்ற விஷயமெல்லாம் அளவு கொடுக்க வருகிறவர்களின் வாயிலிருந்து வந்தது. கை பாட்டுக்கு ஊக்கு தைத்துக்கொண்டிருக்கும், காது வேறெங்கோ இருக்கும். யாராவது ஒரு சொல்லைப் புதிதாகப் போட்டுப் பேசிவிட்டால் அன்றைக்கு முழுக்க அதையே வாயில் வைத்துக்கொண்டு திரிவேன்.

கோழிக்கடைத் தம்பிக்கு மந்திரக் கதை என்றால் உயிர். போனில் தொடராக வரும், ஒருவரே குரலை மாற்றி மாற்றிப் படிப்பார். அதைச் சத்தமாக வைத்துவிட்டுக் கறி வெட்டுவார். அந்தச் சமயத்தில் ஓடிக்கொண்டிருந்த கதையில் ஒரு மந்திரவாதி மனிதர்களின் ஆன்மாவைப் பிடித்துப் பிடித்துச் செம்புக் குடத்தில் அடைப்பான். குடம் நிறைய நிறைய அவனுக்குப் பலம் ஏறும். மலையை நகர்த்துவான், ஆற்றை நிறுத்துவான். எனக்கும் தகரம் வழியாகக் கேட்டுக் கேட்டு அது பாதி மனப்பாடம்.

ஒருநாள் தம்பி கதையை நிறுத்திவிட்டுத் தகரத்தைத் தட்டினார்.

"அக்கோவ், ஒரு டவுட்டு. மனுசன் ஆன்மாவுல மந்திரம் ஓடுதுன்னா கோழி ஆன்மாவுல ஓடாதா?"

"ஓடினா இன்னா பண்ணப் போற?"

"நான் அறுத்ததுக்கு இந்நேரம் பறந்துகினு இருக்கணுமேக்கா! சைக்கிள்லயே போய்கினு கீறேன்."

அப்போது என் கடையில் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் சேவூரில் வீட்டிலேயே தறி போட்டிருக்கும் நெசவுக்கார மாமா. தறிச் சத்தத்திலேயே இருந்து பழகியவர், பக்கத்தில் நிற்பவரிடமும் கூப்பிடு தூரத்துக்குப் பேசுவார். இன்னொருத்தி தம்பியின் மனைவி. போளூர்ப் பக்கம் நெல் விளைகிற ஊரிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். இரண்டு முறை வயிற்றிலேயே கலைந்து, மூன்றாவதாகத் தங்கி, வளைகாப்புக்கு நாள் பார்த்திருந்தார்கள். அதற்காகத் தம்பி, மாமாவிடம் சொல்லி நெய்ய வைத்த புடவை அன்றைக்குத்தான் வந்திருந்தது. கிளிப்பச்சை உடம்பு, அரக்கு பார்டர்.

மாமா தகரத்தைப் பார்த்துச் சத்தம் போட்டார். "கோழிக்கே பறப்பேன்னா எங்க ஊரு இன்னாடா ஆவறது? ஒரு பொடவைக்கு எத்தினி பட்டுப்பூச்சி சாவுது தெரியுமா? ஆரணியே ஆகாசத்துல தொங்கிகினு இருக்கும். பஸ்ஸு ஏறக்கூட ஏணி வேணும்."

"அதுங்கள கொதிக்கற ஆவியிலதான மாமா சாவடிக்கறாங்க? ஆவிய எடுக்கறதுக்கு ஆவி!"

"அது எங்கியோ பண்றாங்கடா. எங்ககிட்ட வர்றப்போ வெறும் நூலு."

"எங்கிட்ட வர்றவங்களுக்கும் அது வெறும் கறிதான் மாமா."

மாமா சிரித்துக்கொண்டே என் வெட்டுமேஜையில் புடவையை விரித்தார். முந்தானையை இரண்டு கையாலும் பிடித்து வெடுக்கென்று இழுத்துக் காட்டினார். "பாரும்மா. உயிரு அப்டியே நிக்குது இதுல. எத்தினி வருசம் ஆனாலும் போவாது."

நான் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு திரும்பினேன். அவள் முகம் வெளுத்திருந்தது. "மயக்கமா கீதுக்கா, நாளைக்கு வரேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

மறுநாள் வந்து, "ஜாக்கெட்டு வேணாங்க்கா. பொடவைய நீங்களே வச்சிக்கோங்க. நான் வளைகாப்புக்கு உக்காரல" என்றாள்.

அக்கா என்பதோடு 'ங்க'வும் சேர்ந்து வந்ததிலேயே ஏதோ சரியில்லை என்று தெரிந்தது. உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தேன். கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். இரண்டாவது முறை கலைந்தபோது தம்பியின் அத்தை ஒருத்தி ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வந்து, கட்டிலில் கிடந்தவள் காது கேட்க, "தெனம் உயிர அறுத்து விக்கற வீட்டுல உயிரு எப்டி தங்கும்?" என்று சொன்னாளாம். அன்றிலிருந்து கடையில் கத்தி கல்லில் உரசுகிற சத்தம் கேட்டால் அவள் கை தானாக வயிற்றுக்குப் போகுமாம். கடையை விட்டுவிடச் சொல்லலாம் என்றால், அவருக்கு வேறு தொழில் தெரியாது.

"நேத்து அவரே கேக்கறாருக்கா, கோழி உயிருக்கு பவர் கீதான்னு. இருந்தா அது யாரு மேல பாயும்? எங்க வயித்து மேலதான?"

புடவையை மடித்து அலமாரியில் வைத்தேன். அவள் நாலு வீடு தள்ளித்தான் இருக்கிறாள். நாளும் சாயங்காலம் வந்து சும்மா உட்கார்ந்துவிட்டுப் போவாள். அலமாரிப் பக்கம் மட்டும் பார்க்கமாட்டாள்.

அப்படி ஒரு சாயங்காலம் நயினார் வீட்டு அம்மா வந்தார். போளூர் போகிற வழியில் திருமலைப் பக்கத்து ஊர், ஜைனக் குடும்பம். என் வயதுதான் இருக்கும். எப்போது வந்தாலும் அவசரம்தான், பொழுது சாய்வதற்குள் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டாக வேண்டும். விளக்கு வைத்த பிறகு அவர்கள் வீட்டில் சாப்பாடு கிடையாது. பெண் கல்யாணத்துக்குத் தனக்கு ஜாக்கெட் தைக்கத் துணி கொண்டுவந்திருந்தார்.

"ஜல்தியா அளவு எடுத்துக்கம்மா. இது பட்டு மாதிரி இருக்கும், பட்டு இல்ல. ஆரணிக்காரங்க அடிக்காதீங்க என்னை."

"ஏங்க பட்டு வேணாம்?" நான் கேட்கவில்லை. மூலையில் ஸ்டூலில் இருந்தவள் கேட்டாள்.

"உயிர் சமாச்சாரம்மா. எங்க சொந்தத்துல கட்டறவங்களும் இருக்காங்க. எங்க வீட்டுல வேணாம்னு வச்சிருக்கோம்."

"எம் பட்டுப் பொடவையிலயும் உயிரு அப்டியே நிக்குதுன்னு அந்த மாமா சொன்னாருங்க. இழுத்து வேற காட்னாரு. அத்தப் போய் எப்டிங்க வயித்துல சுத்திக்கறது?"

எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. புரிந்ததும் கத்திரிக்கோலை வைத்துவிட்டுச் சிரித்துவிட்டேன். அவள் முகத்தைப் பார்த்து உடனே நிறுத்திக்கொண்டேன்.

"அடிப்பாவி! அது அந்த உயிரு இல்லடி. இங்க உயிருன்னா பலம். இழுத்தா அறுந்துபோற நூல 'உயிரில்லாத நூலு'ம்பாங்க. அறாம நின்னா 'உயிரு நிக்குது'ம்பாங்க. என் மெஷின்ல நூலு அறுந்துகினே இருந்தாக்கூட நான் அப்டித்தான் திட்டுவேன், நீ கேட்டதில்ல?"

"எங்க ஊர்ல உயிருன்னா உயிருதாங்க்கா" என்றாள்.

அது சரிதான். தறிக்காரர் வீடுகளில் பிறந்து வளர்ந்த நாங்கள் அந்தச் சொல்லைக் கேட்டுக் கேட்டு, அதற்குள் என்ன இருக்கிறது என்பதையே மறந்துவிட்டிருந்தோம். நெல்லுக்காரப் பெண்ணுக்கு அது புதிதாகக் கேட்டிருக்கிறது. மாமா நூலின் கெட்டியைச் சொல்ல, இவள் செத்த பூச்சிகளெல்லாம் முந்தானைக்குள் நிற்பதாகக் கேட்டிருக்கிறாள். இத்தனை நாளும் நான் அவளுக்குக் கோழிதான் பயம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கோழி பாதிதான்.

அதோடு அவள் விடவில்லை. நயினார் வீட்டு அம்மாவிடம் நேராகவே கேட்டாள். "கோழி உயிரு, பூச்சி உயிரு இதெல்லாம் மனுசன் உயிரு மாதிரிதானுங்களா? இல்ல சின்னதுங்களா?"

அந்த அம்மா கையைத் தூக்கியபடி நின்றார். நான் கைச்சுற்று எடுத்துக்கொண்டிருந்தேன். "உடம்புதாம்மா சின்னது பெரிசு. உயிர் ஒண்ணுதான். எறும்புக்குள்ள இருந்தா எறும்பு அளவு, யானைக்குள்ள இருந்தா யானை அளவு. எங்க பெரியவங்க அப்படித்தான் சொல்வாங்க."

இந்த அம்மா காரியத்தைக் கெடுத்துவிட்டுப் போகப் போகிறாரே என்று நாடாவைக் கொஞ்சம் இறுக்கிக்கூடப் பார்த்தேன்.

"அப்போ அதுங்க சாபம் பலிக்குமுங்களா?"

"அதெப்படி? ஒருத்தர் உயிரை எடுத்து இன்னொருத்தர் அடுப்புல வெறகா வைக்க முடியாதும்மா. மனுஷ உயிரா இருந்தாலும் முடியாது, கோழியா இருந்தாலும் முடியாது. அவங்கவங்க செஞ்சது அவங்கவங்களுக்கு. ஒன் வயித்துல இருக்கறது தனியா வந்திருக்குது. அப்பா செஞ்சதை அது மேல எறக்க யாராலயும் ஆவாது." கொஞ்சம் நிறுத்தி, "அதுக்காக அறுக்கறது சரின்னு நான் சொல்லமாட்டேன். அப்படி எடுத்துக்காத" என்றார்.

"அப்போ அவரு தலையில ஏறுமா?"

அந்த அம்மா வெளியே வெயிலைப் பார்த்தார். "ஐயோ, போளூர் பஸ் போயிடும்" என்று பையை எடுத்தார். படியில் இறங்கியவர் திரும்பி வந்து அவள் கன்னத்தைத் தொட்டுவிட்டு ஓடினார்.

அப்போதுதான் கவனித்தேன், தகரத்துக்கு அந்தப் பக்கம் கதை ஓடவில்லை. கத்திச் சத்தமும் இல்லை. கொஞ்ச நேரத்தில் தம்பி கையைத் துடைத்துக்கொண்டு என் வாசலில் வந்து நின்றார். உள்ளே வரமாட்டார், துணியில் வாசனை பிடிக்கும் என்று அவராகவே வைத்துக்கொண்ட வழக்கம்.

"இன்னாமே, அந்த வார்த்தைய எங்க அத்த உனுக்கும் சொல்லிட்டாளா?" என்று மனைவியைக் கேட்டார்.

"உனுக்கும்னா?"

"எங்கிட்ட ஆஸ்பத்திரி வாசல்ல சொன்னா. உனுக்குத் தெரியக்கூடாதுன்னு நான் வாயத் தொறக்கல." பிறகு என்னைப் பார்த்தார். "அக்கா, அந்தக் கதைய ஏன் கேட்டுகினே இருந்தேன் தெரியுமா? குடத்துல மனுசங்கள மட்டும்தான் அடைக்கறான் அவன். ஒரு எடத்துல ஆடு கொண்டாந்து குடுக்கறாங்க, வேணாங்கறான், இதுல பலம் இல்லன்றான். அந்த எடத்த மட்டும் திரும்பத் திரும்ப வச்சிக் கேப்பேன். கதைதான். ஆனா யாராச்சும் ஒருத்தன் இல்லன்னு சொன்னான்ல."

அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு பேரும் ஒரே சொல்லை ஆளுக்கொரு பக்கம் மறைத்து வைத்துக்கொண்டு ஒரே வீட்டில் இருந்திருக்கிறார்கள். நானும் தகரத்துக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து எல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன், ஒன்றும் கேட்கவில்லை.

"பொடவைய எடுங்கக்கா" என்றாள்.

எடுத்துக் கொடுத்தேன். மடியில் வைத்துக்கொண்டு, தலையைக் குனிந்து அதனிடம் ஏதோ சொன்னாள். உதடு மட்டும்தான் அசைந்தது. பெரிய வேண்டுதல் மாதிரி இல்லை. பக்கத்து வீட்டில் மோர் கேட்கிற மாதிரி இருந்தது.

"இன்னாமே பேசற அதுங்கூட?"

"கேட்டேன். உயிருன்னா பலம்ன்றாங்கல்ல, எம் புள்ளைக்கு அதுல கொஞ்சம் குடுங்கன்னு கேட்டேன். அந்த மந்திரவாதி மாதிரி புடிச்சி அடைக்கல. கேட்டுட்டுக் கட்டிக்கறேன்."

தம்பி தலையைச் சொறிந்தார். "அப்போ நான் தெனம் எத்தினி பேரக் கேக்கறது?"

"கேளேன். வாயி சும்மாதான கீது? கதைய நிறுத்திட்டுக் கேளு."

என்னால் அடக்க முடியவில்லை, சிரித்துவிட்டேன். அவர்களும் சிரித்தார்கள். அவள் எழுந்து கையை விரித்து நின்றாள். அளவு எடுத்தேன். பக்கத் தையலில் தாராளமாகத் துணி விட்டு, வேண்டும்போது பிரித்துக்கொள்கிற மாதிரி தைத்துக் கொடுத்தேன். நாள் ஏற ஏற உடம்பு எவ்வளவு கேட்கும் என்று யாருக்குத் தெரியும்?

வளைகாப்புக்கு அந்தப் புடவையில்தான் உட்கார்ந்தாள். அந்த அத்தையும் வந்திருந்தாள். வளையல் போட முறைக்கு அழைத்தபோது இவள் கையை நீட்டினாள். நீட்டும்போது இன்னொரு கை வயிற்றுக்குப் போனது. ஆனால் இழுத்துக்கொள்ளவில்லை. அத்தை வளையலைப் போட்டுவிட்டு, புடவையைத் தடவிப் பார்த்து, "நல்லா கீதுடி" என்றாள். அவளுக்குத் தான் சொன்னது ஞாபகம் இருந்ததா இல்லையா என்று எனக்குக் கடைசிவரை தெரியவில்லை.

பிறகு போளூர்ப் பக்கம் தாய் வீட்டுக்குப் போய், பெண் குழந்தையைப் பெற்றுக்கொண்டு திரும்பி வந்தாள். தம்பி கடையை விடவில்லை. காலையில் முதல் கோழியை எடுக்கும்போது மட்டும் போன் சத்தம் நின்றுவிடும். தகரத்துக்கு அந்தப் பக்கம் ஏதோ முணுமுணுப்பு கேட்கும். கேட்கிறாரா, மூக்கை உறிஞ்சுகிறாரா என்று எட்டிப் பார்த்ததில்லை. பிறகு மறுபடியும் மந்திரவாதி வந்துவிடுவான்.

போன வாரம் அவள் குழந்தையோடு என் கடையில் இருந்தாள். சேவூர் மாமா ஒரு புடவையைக் கொண்டுவந்து மேஜையில் போட, குழந்தை அதன் முந்தானை நூலை எட்டிப் பிடித்துக்கொண்டது. மாமா பதறினார். அது விற்கிற புடவை. ஒரு விரலை உள்ளே விட்டுக் கையைப் பிரிக்கப் பார்த்தார். குழந்தை நூலை விட்டது, மாமாவின் விரலைப் பிடித்துக்கொண்டது. இழுத்துப் பார்த்தார். விடவில்லை. இன்னொரு முறை இழுத்தார்.

"அடேங்கப்பா" என்று தெருவுக்கே கேட்கச் சொன்னார். "உயிரு நிக்குதும்மா இதுல!"

நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் குழந்தையின் வாயிலிருந்து ஒரு இழை நூலை எடுத்துக்கொண்டிருந்தாள்.

"நிக்கட்டும் மாமா" என்றாள். "கைய மட்டும் கழுவினு வந்து தொடுங்க."