தண்ணீர் லாரியில் சினேகா

சேலையூரில் ஒரு பள்ளிக்கூட வேனை ஆறு வருடம் ஓட்டியவள் சினேகா. முப்பத்திரண்டு வயது. பெரும்பாக்கம் குடியிருப்பில் ஐந்தாம் மாடியில் கணவன் பிரிட்டோவோடும் மகளோடும் இருந்தாள். வேன் ஓட்டும்போதெல்லாம் பக்கத்தில் உரசிப் போகும் பெரிய பஸ்களின் மேலேயே கண் இருக்கும். இரண்டு வருடம் அலைந்து ஹெவி லைசென்ஸ் எடுத்தாள். சிறுசேரிக்கு ஐடி ஊழியர்களை ஏற்றிப்போகும் ஒரு பஸ் கம்பெனி, அவள் ஓட்டிக் காட்டியதைப் பார்த்துவிட்டு ஏப்ரல் மூன்றாம் தேதி வேலைக்கு வரச் சொன்னது. வேன் வேலையை விட்டாள். புதுக் காக்கிச் சட்டை தைத்துப் போட்டுக்கொண்டு போய் நின்றாள்.

மேனேஜர் உமேஷ் கம்ப்யூட்டரை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"மேல வேணாம்னுட்டாங்கம்மா. ராத்திரி ட்ரிப் எல்லாம் வரும். ஏதாவது ஒண்ணுன்னா யார் பதில் சொல்றது?"

"நைட் ஷிஃப்ட்டுன்னு தெரிஞ்சுதானே சார் வந்தேன்?"

"என் கையில ஒண்ணும் இல்லம்மா."

பள்ளிக்கூட வேனுக்கு அதற்குள் வேறு ஆள் வந்துவிட்டான்.

அதற்குப் பிறகு அவளுக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. துலக்கிய பாத்திரத்தையே திரும்பத் துலக்கினாள். மகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுத் தாம்பரம் பஸ்ஸில் ஏறி, டிரைவருக்குப் பின்னால் உட்கார்ந்து கடைசி நிறுத்தம் வரை போவாள். இறங்காமல் அதே பஸ்ஸில் திரும்புவாள். டிரைவர் கிளட்சை மிதிக்கும்போது இவள் காலும் செருப்பை அழுத்தும்.

"கொஞ்ச நாள் சும்மா குந்தேன்," என்றான் பிரிட்டோ.

"சும்மா இருந்தா மண்டை வெடிக்குது."

பத்துப் பன்னிரண்டு நாள் இப்படியே ஓடியது. ஒரு காலை, பஸ்ஸுக்குக் காத்திருந்த இடத்துக்கு எதிரே கிணற்றடியில் ஒரு தண்ணீர் லாரி நின்றது. டாங்க் நிரம்பி மேலே வழிந்துகொண்டிருந்தது. பக்கத்தில் அதன் சொந்தக்காரர் தட்சிணாமூர்த்தி, போனில் யாரையோ கெஞ்சிக்கொண்டிருந்தார். அவர் குடும்பம் ஒரு காலத்தில் நெல் போட்ட நிலம் மனைகளாகிவிட்டது. மிஞ்சிய கிணற்றுத் தண்ணீர்தான் இப்போது அடுக்குமாடிகளுக்குப் போகிறது.

அவர் போனை வைத்ததும் சினேகா கேட்டாள்: "டிரைவர் வரலையா சார்?"

"மாரி பைக்ல விழுந்து காலை உடைச்சிகினான். நாலு அபார்ட்மென்ட்ல தண்ணி இல்லாம பேஜார் பண்றாங்க. உன் வூட்டுக்காரரு ஓட்டுவாரா?"

"நான் ஓட்டுவேன்."

லைசென்ஸை நீட்டினாள். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது பஸ் மாதிரி இல்லமா. தண்ணி பின்னால ஆடும்."

"ஒரு ட்ரிப் பக்கத்துல குந்திகினு பாருங்க சார்."

அவருக்கு வேறு வழி இல்லை. ஏறினார்.

முதல் அடுக்குமாடி வரை வண்டி சொன்னபடி கேட்டது. அங்கே பாதித் தண்ணீரை இறக்கிவிட்டுக் கேம்ப் ரோட்டில் திரும்பும்போது ஓர் ஆட்டோ குறுக்கே புகுந்தது. சினேகா பிரேக்கை மிதித்தாள். டாங்கில் இருந்த பாதித் தண்ணீரும் முன்னால் மோதி லாரியைத் தள்ளியது. ஆட்டோவுக்கு ஒரு முழம் இருக்கும்போது வண்டி நின்றது. தட்சிணாமூர்த்தி முன்பலகையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். இதுவும் போச்சு என்று நினைத்தாள். ஆனாலும் இறங்கவில்லை. இடைவெளி விட்டு, முன்கூட்டியே வேகத்தைக் குறைத்து, தண்ணீர் ஆடி அடங்க நேரம் கொடுத்து ஓட்டினாள். இரண்டாவது இடத்தில் சந்து குறுகல். ரிவர்ஸில்தான் போக வேண்டும். இரண்டு பக்கமும் பைக்குகள். ஒரே மூச்சில் உள்ளே கொண்டுபோய் நிறுத்தினாள்.

"மாரி இதுக்கு மூணு தபா முன்ன பின்ன போவான்," என்றார் தட்சிணாமூர்த்தி, ஹோஸை அவிழ்த்தபடி. "நாளைக்கு அஞ்சரைக்கு வந்துடு."

வீட்டில் பிரிட்டோ சிரித்தான். "பஸ்ஸு பஸ்ஸுன்னு கெடந்த. கடைசில தண்ணி லாரியா?"

"அதுவும் பெரிய வண்டிதான்."

மே மாதக் கடைசியில் மாரி கால் தேறி வந்தான். இனி நமக்கு வேலை இருக்காது என்று இரண்டு நாளாகச் சாப்பாடு இறங்காமல் தவித்தாள். தட்சிணாமூர்த்தி அவளைக் கிணற்றடிக்குப் பின்னால் கூட்டிப்போய், துருப்பிடித்து நின்ற இன்னொரு லாரியைக் காட்டினார். மெக்கானிக்கோடு நான்கு நாள் கூடவே நின்று அதைக் கிளப்பினாள். இப்போது அதுதான் அவள் வண்டி. ஒரு நாளைக்கு ஏழு ட்ரிப்.

போன வாரம் வேறொரு பஸ் கம்பெனிக்கும் விண்ணப்பம் போட்டிருக்கிறாள். பிரிட்டோவிடம் இன்னும் சொல்லவில்லை.