மெஷினுக்குள் இருந்த சுரங்கச் சுவர்

என் முனைவர் பட்டத்துக்காக, அரியலூர்ப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல் சுரங்கம் ஒன்றில் கிளிஞ்சல் புதைபடிவங்களை ஆராய்ந்துகொண்டிருந்தேன். ஒரு காலத்தில் அங்கே கடல் இருந்தது. வெட்டுச்சுவரில் எந்த அடுக்கில் எந்தக் கிளிஞ்சல் கிடக்கிறது என்று வெயிலில் நின்று அளந்து, நோட்டில் எழுதாமல் அங்கேயே லேப்டாப்பில் ஏற்றிவிடுவேன். அடுக்குகளை வரைகிற மென்பொருள் பழைய விண்டோஸில் மட்டும்தான் ஓடும். என்னுடையதோ லினக்ஸ். கல்லூரியில் கணினி ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்ளும் என் கணவர், லினக்ஸுக்குள்ளேயே ஒரு வெர்ச்சுவல் மெஷினை அமைத்து, அதில் விண்டோஸைப் போட்டுக் கொடுத்திருந்தார். கணினிக்குள் இன்னொரு கணினி மாதிரி.

ஒரு மத்தியானம், பெரம்பலூர் வீட்டில் வேலைசெய்துகொண்டிருக்கும்போதே அது நின்றுவிட்டது. அணைத்துத் திரும்பப் போட்டேன். துவக்குவதற்கு டிஸ்க் எதுவும் இல்லை என்று கறுப்புத் திரையில் ஒரு வரி வந்தது.

சாயங்காலம் வீடு வந்த கணவர் சட்டைகூட மாற்றாமல் உட்கார்ந்தார். லினக்ஸ் பக்கம் இடம் அடியோடு நிரம்பியிருந்தது. எழுத இடமில்லாமல்தான் மெஷின் நின்றிருக்கிறது என்றார். பழைய சினிமாக்களை அழித்து இடம் பண்ணினார். அப்போதும் எழும்பவில்லை. மெஷினின் மொத்த டிஸ்கும் லினக்ஸில் ஒரே கோப்பாகத்தான் இருக்கும். மேற்கொண்டு கை வைக்கும் முன் அதை வெளி டிஸ்கில் ஒரு படி எடுத்துக்கொண்டார். அந்த நிதானத்தைப் பார்த்து எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது.

கோப்பைச் சோதித்தபோது பிழைகள் திரை கொள்ளாமல் ஓடின. சரிசெய்யும் கட்டளையைக் கொடுத்தார். பிழைகள் போயின, மெஷின் எழவில்லை. கடைசியாக அந்த டிஸ்கை வேறொரு மெஷினில் இணைத்துத் திறந்தார். என் கோப்புகளின் பெயர்கள் தெரிந்தன. நாற்காலியை இழுத்துக்கொண்டு பக்கத்தில் போனேன். ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார்.

"பேருதான் இருக்கு. உள்ள எல்லாம் வெறும் பூஜ்யம்."

பழுதாகும் முன்பே எப்போதோ எடுத்துவைத்த படி ஒன்று நன்றாகவே எழுந்தது. ஆனால் அது நான் சுரங்கத்துக்குப் போக ஆரம்பிப்பதற்கு முந்தையது.

திரும்ப அளந்துகொள்ளலாமே என்றார். ஞாயிற்றுக்கிழமை அவரே வண்டியில் கூட்டிக்கொண்டு போனார். சுரங்கத்து மேற்பார்வையாளருக்கு என்னை முன்பே தெரியும்.

"அந்தப் பக்கம் மழைக்கு முன்னாடியே வெட்டியாச்சுங்க. கல்லெல்லாம் ஆலைக்குப் போயிருச்சு," என்றார்.

சுவர் நின்ற இடத்தில் பச்சைத் தண்ணீர் தேங்கியிருந்தது. என் கணவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

சுவரைப் போனில் எடுத்திருந்த போட்டோக்களை வைத்து அளவு சொல்ல முடியாது, ஆய்வேட்டிலிருந்து அந்த அத்தியாயத்தை எடுத்துவிடு என்றார் என் நெறியாளர். எடுத்துவிட்டேன். கணவர் மட்டும் வேலைவிட்டு வந்ததும் வெளி டிஸ்கில் எடுத்த அந்தப் பழுதான படியைத் திறந்து, ஏதாவது ஒரு புது மீட்பு மென்பொருளை ஓட்டிக்கொண்டிருப்பார்.

"விட்டுருங்க," என்றேன் ஒருநாள்.

"இத மட்டும் பாத்துர்றேன்."

அதிலும் ஒன்றும் வரவில்லை. அந்த அடுக்குகளைப் பற்றி இப்போது யாராவது கேட்டால், நினைவில் இருப்பதைத்தான் சொல்ல முடியும். அதை யாரும் அளவு என்று ஏற்கமாட்டார்கள்.